ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்யும் தாதிக்கு நோயாளியிடமிருந்து தொற்று வராதா?

தங்கச்சிக்குத் தியேட்டரில் தாதி வேலை கிடைத்திருக்கிறது, நோய் ஏதும் தொற்றிவிடுமோ என்று அம்மா பயப்படுகிறா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் யாழ்ப்பாணத்தில் தியேட்டர் தாதிதான். என் வீட்டிலும் இதே கதை: கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். நல்ல பழக்கம், குறை சொல்லமாட்டேன். ஆனால் பயப்படவேண்டியது உடுப்புக்கு அல்ல, ஊசிக்கு.

நாங்கள் போடும் சாதாரண மாஸ்க், முக்கியமாக நோயாளியின் காயத்தை எங்கள் எச்சில் துளிகளிலிருந்து காக்கத்தான். எங்களுக்கு வரக்கூடிய ஆபத்து இரத்தத்தில் இருக்கிறது. தொற்றுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்ஐவி வரும் வாய்ப்பு ஏறக்குறைய 0.3 வீதம். ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு 6 முதல் 30 வீதம் வரை!

தியேட்டரில் அதிகம் குத்துவது தையல் ஊசி. சேர்ஜன் காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவார். அந்த நேரம் கைக்குக் கை ஊசியைக் கொடுத்தால் யாருக்காவது குத்தும். அதனால் நடுவில் ஒரு தட்டு. ஒருவர் வைத்துக் கையை எடுத்த பிறகுதான் மற்றவர் தொடுவார். கிளவுஸ் இரண்டு சோடி. உள்ளே கடும் நிறத்தில் போட்டால், வெளிக் கிளவுஸ் ஓட்டையாகி ஈரம் இறங்கியதும் அந்த இடம் கறுத்துத் தெரியும். கண்ணாடியும் கட்டாயம். புழுக்கத்தில் அது மங்கும், எரிச்சல்தான், ஆனாலும் கழற்றக்கூடாது. கண்ணில் தெறிக்கும் இரத்தத்தாலும் தொற்று வரலாம்.

ஆபரேஷன் முடிந்த பிறகும் கவனம் வேண்டும். துணிக்குள் மறந்துபோன ஊசி, பாவம், துணி அள்ளவரும் சிற்றூழியருக்குத்தான் குத்தும்.

சரி, குத்திவிட்டால்? விரலை வாயில் வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் வரும். அதைச் செய்யக்கூடாது, பிதுக்கவும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப் போட்டுக் கழுவி, உடனே பொறுப்புத் தாதியிடம் சொல்லவேண்டும். வெட்கத்தில் மறைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். எச்ஐவி தடுப்பு மருந்தைச் சில மணித்தியாலத்துக்குள் தொடங்குவதே நல்லது. 72 மணித்தியாலம் தாண்டினால் பொதுவாகக் கொடுக்கமாட்டார்கள்.

தங்கச்சி வேலைக்குப் போகமுன் ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டாவா என்று கேளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் இரத்தம் சோதித்து, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு மூன்றும் போட்டும் வராது. அவர்களுக்குத் திரும்பவும் போடுவார்கள்.