கிளாஸ் டிசைனில் ஃபார்மல் ஸ்பெக்: கேள்வி பதில்

கேள்வி: யூஎம்எல் படம் (கிளாஸ்களையும் அவற்றின் தொடர்புகளையும் காட்டும் வரைபடம்) போட்டாகிவிட்டது சார். அதற்கு மேல் ஃபார்மல் ஸ்பெக், அதாவது விதிகளைக் கணிதத் துல்லியத்தோடு எழுதும் வரையறை, எதற்கு?

பதில்: எது எதோடு இணைந்திருக்கிறது என்பதைப் படம் சொல்லிவிடும். நூலக மென்பொருளில் உறுப்பினருக்கும் பிரதிக்கும் நடுவே கோடு போட்டு 0..1, 0..5 என்று எண்ணிக்கை வரம்பை எழுதலாம். "ஒரு நூலுக்கு முன்பதிவு காத்திருந்தால், அதன் பிரதியை வைத்திருப்பவர் தவணையை நீட்டிக்க முடியாது" என்பதை எந்தக் கோட்டின் மேல் எழுதுவீர்கள்? அதற்குத்தான் ஓசிஎல் (படத்தில் அடங்காத விதிகளை எழுதும் மொழி). 1997இல் யூஎம்எல் 1.1உடன் சேர்ந்தே வந்த மொழி அது.

கேள்வி: எங்களிடம் 150 கிளாஸ் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு ஆப்ஜெக்டுக்குள் அடங்கும் விதியை யூனிட் டெஸ்ட் பார்த்துக்கொள்ளும். இரண்டு மூன்று கிளாஸ்கள் சேர்ந்து காப்பாற்ற வேண்டிய இன்வேரியன்ட்களை (எப்போதும் உண்மையாக நிற்க வேண்டிய விதிகளை) மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: போஸ்ட்கண்டிஷன் (மெத்தட் முடிந்ததும் உண்மையாக இருக்க வேண்டியது) எழுதியும் பிழை நுழைந்துவிட்டது.

பதில்: எழுதாமல் விட்ட இடத்தைப் பாருங்கள். "திருப்பிக்கொடு" மெத்தடுக்கு "இந்தப் பிரதி இனி யார் கையிலும் இல்லை" என்று எழுதியிருப்பீர்கள். மற்றவை மாறவில்லை என்று எழுதினீர்களா? அந்த உறுப்பினரின் கடன் பட்டியலை முழுக்கக் காலி செய்யும் நிரலும் இந்த ஸ்பெக்குக்குச் சரிதான்! "புதிய பட்டியல் = பழைய பட்டியலில் இந்தப் பிரதி மட்டும் நீங்கியது" என்று எழுதினால்தான் அது மாட்டும்.

கேள்வி: அலாயில் (மாடலைத் தானாகச் சோதிக்கும் கருவி) எல்லா அசெர்ட்டும் (நிற்கிறதா என்று நாம் சோதிக்கும் கூற்று) பாஸ் ஆகிறது. நம்பலாமா?

பதில்: முதலில் நிபந்தனை எதுவும் இல்லாத வெற்று ரன் கட்டளையை ஓட்டுங்கள். விதிகளுக்குப் பொருந்தும் ஒரு மாதிரிகூட வரவில்லை என்றால் உங்கள் ஃபேக்ட்கள் (எப்போதும் உண்மை என்று எழுதிவைத்தவை) ஒன்றோடொன்று மோதுகின்றன. மாதிரியே இல்லாத இடத்தில் எந்த அசெர்ட்டும் பாஸ் ஆகத்தான் செய்யும். அடுத்து ஸ்கோப், அதாவது தேடலின் எல்லை. எதுவும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு வகைக்கும் 3 வரைதான் அலாய் தேடும். 5, 6 வரை ஏற்றிப் பாருங்கள். பாஸ் என்பது அந்த எல்லைக்குள் எதிர்உதாரணம் இல்லை என்பது மட்டுமே. இன்னொன்று, அங்கே முழுஎண் இயல்பாக 4 பிட், அதாவது -8 முதல் 7 வரை. அபராதத் தொகையை ரூபாயில் வைக்காதீர்கள். எது பெரிது, எது சிறிது என்ற வரிசை போதும்.

கேள்வி: உறுப்பினர் 5 நூல், மாணவர் 2 நூல் எடுக்கலாம். மாணவர் சப்கிளாஸில் ப்ரீகண்டிஷனை (மெத்தடை அழைக்கும் முன் உண்மையாக இருக்க வேண்டியதை) மாற்றினேன். தவறா ஐயா?

பதில்: தவறு. சப்கிளாஸ் ப்ரீகண்டிஷனைத் தளர்த்தலாம், இறுக்கக் கூடாது. லிஸ்கோவும் விங்கும் 1994இல் வரையறுத்துக் கொடுத்த விதிகளில் இதுவும் ஒன்று. கையில் 2 நூல் இருப்பவரை "உறுப்பினர்" என்று மட்டும் அறிந்த நிரல், 5க்குக் குறைவுதானே என்று "எடு"வை அழைக்கும். வந்தவர் மாணவராக இருந்தால் அங்கே உடையும். மேல் கிளாஸிலேயே "கையில் உள்ளவை < வரம்பு" என்று எழுதி, "வரம்பு" என்ன என்பதை சப்கிளாஸ் சொல்லட்டும்.

கேள்வி: தனித்தனியாக ஓட்டினால் இன்வேரியன்ட் நிற்கிறது. அப்சர்வர் (மாற்றம் நடந்தால் செய்தி பெறும் ஆப்ஜெக்ட்) சேர்த்ததும் உடைகிறது.

பதில்: டிசைன் மட்டத்தில் கண்டிப்பாகத் தீர்க்க வேண்டிய பிழை இது. "வெளியே உள்ள பிரதிகள் = கடன் பட்டியலின் நீளம்" என்பது உங்கள் இன்வேரியன்ட் என்று வையுங்கள். "திருப்பிக்கொடு" முதலில் பிரதியின் நிலையை மாற்றுகிறது, பிறகு அப்சர்வர்களுக்குச் சொல்கிறது, கடைசியில்தான் பட்டியலிலிருந்து நீக்குகிறது. நடுவில் செய்தி கிடைத்த அப்சர்வர் உடனே நூலகத்தையே திரும்ப அழைத்தால், பட்டியலில் ஒன்று கூடுதலாக இருக்கும் அரைகுறை நிலைதான் அதன் கண்ணில் படும். மெத்தட் தொடங்கும்போதும் முடியும்போதும் இன்வேரியன்ட் சரியாக இருந்தால் போதும் என்ற கணக்கு இங்கே பலிக்காது. வெளி ஆப்ஜெக்டை அழைக்கும் ஒவ்வொரு இடத்திலும் அது நிற்க வேண்டும். நிலையை மாற்றி, பட்டியலிலிருந்தும் நீக்கிவிட்டு, அதன் பிறகு சொல்லுங்கள். முடியாவிட்டால் செய்தியை வரிசையில் போட்டு, மெத்தட் முடிந்ததும் அனுப்புங்கள்.

கேள்வி: பல சர்வர்களில் ஓடினால் ஓசிஎல் போதுமா?

பதில்: போதாது. எந்த நிகழ்வு எதற்கு முன்னால் என்பதுதான் அங்கே சிக்கல். டிஎல்ஏ பிளஸ் (நிகழ்வுகளின் வரிசையை விவரித்துச் சோதிக்க உதவும் மொழி) எடுங்கள். அமேசானின் டைனமோடிபி தரவுத்தளத்தில் அது கண்டுபிடித்த ஒரு பிழை, 35 படிகள் குறிப்பிட்ட வரிசையில் நடந்தால்தான் வெளிப்படும். டிசைன் ரிவியூ, கோட் ரிவியூ, டெஸ்டிங் மூன்றையும் தாண்டி வந்திருந்தது. 2 சர்வர், 2 பிரதி, வழியில் தொலையக்கூடிய ஒரு செய்தி என்று சிறிய மாடலில் தொடங்குங்கள்.