முன் டயர் சீக்கிரம் தேய்கிறதா? பழைய டயரைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: சொந்தமாக ஒரே ஒரு டிரெய்லர் லாரி வைத்து ஓட்டுகிறேன். முன் டயர் 295/80 ஆர் 22.5. 60,000 கிலோமீட்டரில் இரண்டும் முடிந்துவிடுகின்றன. என்னோடு லோடு ஏற்றும் நண்பருக்கு லட்சத்தைத் தாண்டுகிறது. கடையில் விலை கூடிய பிராண்டுக்கு மாறச் சொல்கிறார்கள். இன்னொருவர் ‘புதுசு மாதிரியே’ இருக்கும் டயரைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். எதை வாங்கினால் கட்டுப்படியாகும்?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். வண்டியில் கோளாறு இருந்தால் எந்த பிராண்டைப் போட்டாலும் அதே வேகத்தில்தான் தேயும். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கழற்றப்போகும் பழைய டயரிலேயே இருக்கிறது. அதைக் கடைக்காரர் வாங்கி ஓரமாக உருட்டிவிடுவதற்குள் பாருங்கள்.

உள்ளங்கையை டயர் மேல் வைத்து, வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு மெதுவாகத் தடவுங்கள். பிறகு திருப்பித் தடவுங்கள். ஒரு பக்கம் போகும்போது வழவழப்பாகவும், திரும்பும்போது ரம்பப் பல் மாதிரி கையைக் குத்துவதாகவும் இருந்தால், சக்கரங்கள் நேராக ஓடவில்லை. டோ அளவு, அதாவது இரண்டு முன் சக்கரங்களுக்கும் நடுவே முன்பக்கம் உள்ள இடைவெளிக்கும் பின்பக்கம் உள்ள இடைவெளிக்கும் வித்தியாசம், தவறு. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மிச்சமிருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் போயிருந்தால், முன் சக்கரம் திரும்பும் அச்சாக இருக்கும் கிங் பின்னையும் ஆக்சிலையும் பார்க்க வேண்டும். அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர், பேரிங், பேலன்ஸ்.

டோ அளவு 3 மில்லிமீட்டர் தவறினால் என்ன ஆகிவிடும் என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் டயரின் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த 3 மில்லிமீட்டரை இரண்டு டயருக்கும் பங்கிட்டுக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்குச் சுமார் ஒன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. லட்சம் கிலோமீட்டர் ஓடும்போது அது 150 கிலோமீட்டர் உரசல். ரப்பர் எப்படித் தாங்கும்?

என்னிடம் ஒருவர் மூன்றாவது பிராண்டுக்கு மாறும் யோசனையோடு வந்தார். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடதும் வலதுமாக ஆட்டினேன். இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனை கடகடவென்று ஆடியது. அதற்கு முன்பே இரண்டு முறை, சக்கரங்களை நேராக்கும் அலைன்மெண்ட் பார்த்துக் காசு கொடுத்திருக்கிறார்! ஆடுகிற மூட்டை வைத்துக்கொண்டு எந்த அளவை வைத்தாலும் நிற்காது. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. முன்பக்க டோவை மட்டும் திருகிவிட்டு, முழு அலைன்மெண்ட் என்று பில் போடும் கடைகள் ஏராளம். பின் ஆக்சில் கோணலாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் தள்ளும். நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டுவீர்கள். தேய்வது முன் டயர். அதனால் பின் ஆக்சிலையும் அளந்தீர்களா என்று கேளுங்கள். முன்பு இருந்த அளவு, இப்போது வைத்த அளவு இரண்டையும் எழுதி வாங்குங்கள். தர மாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

அடுத்தது காற்று. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்துப் பாருங்கள். சுத்தியலால் தட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது. ஓடிச் சூடான டயரில் அளவு கூடித்தான் காட்டும், அதை இறக்கிவிடாதீர்கள். எத்தனை பிஎஸ்ஐ என்பது முன் ஆக்சிலில் விழும் எடையைப் பொறுத்தது. லோடோடு முன் ஆக்சிலை மட்டும் ஒரு முறை எடை போட்டு, டயர் கம்பெனியின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். டயரில் 152 என்று லோடு எண் இருந்தால், ஒற்றையாக மாட்டும்போது அது தாங்குவது 3,550 கிலோ. வைக்க வேண்டிய அளவில் 20 சதவீதம் குறைந்து ஓடிய டயரைக் காற்றில்லாமல் ஓடியதாகவே கருத வேண்டும். கழற்றி உள்ளே பார்க்காமல் மறுபடி காற்றடிக்கக் கூடாது. பக்கச் சுவர் கிழிந்து வெடித்தால் ஆளையே அடித்துவிடும்.

சரி, அந்தப் பாதி விலை டயர். பட்டன், அதாவது ரோட்டில் படும் மேடு பள்ளமான ரப்பர், தேய்ந்த டயரைச் சூட்டுக் கத்தியால் மறுபடி வெட்டி, கறுப்பு பூசி, புதுசு மாதிரி நிறுத்தி வைப்பார்கள். பட்டனுக்கு நடுவே விரல் விட்டுப் பாருங்கள். வெட்டிய அடிப்பகுதி ஒரே சீராக இருக்காது. தேய்மானம் காட்டும் சின்ன மேடுகளும் காணாமல் போயிருக்கும். இதை முன்னால் போட்டு வெடித்தால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது.

இதில் ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பட்டன் வெட்டுவதே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். சில லாரி டயர்களில் அதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் வைத்துச் செய்கிறார்கள். பக்கச் சுவரில் ‘ரீகுரூவபிள்’ என்று அச்சிட்டிருக்கும். 3, 4 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும்போதே, கம்பெனி கொடுத்த படத்தைப் பார்த்து, அது சொன்ன ஆழத்துக்கு மட்டும் தெரிந்தவர் வெட்டினால், போட்ட காசுக்கு இன்னும் கொஞ்சம் ஓடும். மொட்டையாகும் வரை ஓட்டிவிட்டு வெட்டினால் உள்ளே இருக்கும் கம்பி வரை போய்விடும். அந்த எழுத்து இல்லாத டயரை வெட்டவே கூடாது. எழுத்து இருந்தாலும் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள்; அமெரிக்காவில் கனரக லாரியின் முன் சக்கரத்தில் இதை மாட்ட அனுமதி கிடையாது. அப்படியே வெட்டினாலும், யார் வெட்டியது என்று தெரிந்த உங்கள் சொந்த டயராக இருக்கட்டும், சந்தையில் வாங்கியது வேண்டாம்.

வண்டியைச் சரிசெய்த பிறகு புது டயருக்குப் போங்கள். நேர்க்கோட்டுப் பட்டைகள் உள்ள முன் டயர்தான். நெடுஞ்சாலையிலேயே ஓடினால் லாங் ஹால் வகை. தினமும் சந்து பொந்தில் திரும்பினால் ஓரம் தடித்த ரீஜினல் வகை. பழைய டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் முன்னால் வேண்டாம். இரண்டும் ஒரே பிராண்ட், ஒரே டிசைன். மாட்டும் முன் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: 3523 என்றால் 2023-இன் 35-ஆவது வாரம் செய்தது. தள்ளுபடி என்று கடைக்காரர் தருவது பல நேரம் பழைய ஸ்டாக்.

எது அதிகம் ஓடும் என்று டயரில் எழுதியிருந்தால் நீங்கள் எனக்குக் கேள்வி அனுப்பியிருக்கவே மாட்டீர்கள். அமெரிக்காவில் கார் டயரில் தேய்மான எண் அச்சிட வேண்டும். லாரி டயருக்கு அந்த விதி இல்லை. ஐரோப்பிய லேபிள் டீசல் சிக்கனம், ஈரச் சாலையில் பிடிப்பு, சத்தம் எல்லாம் சொல்கிறது, ஆயுளைச் சொல்வதில்லை. பிழைப்பே டயரை நம்பி இருப்பவருக்கு இதைச் சொல்ல ஏன் இத்தனை தயக்கம்?

அதனால் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய அன்று கிலோமீட்டரையும் பட்டன் ஆழத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 15 மில்லிமீட்டர் இருந்தது 20,000 கிலோமீட்டரில் 13 ஆனால், மில்லிமீட்டருக்கு 10,000. ஐந்தில் கழற்றுவதாக இருந்தால் மொத்தம் ஒரு லட்சம் வரும். விலையை அதால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 100-க்கு வாங்கி 80,000 கிலோமீட்டர் ஓடுவதைவிட, 140-க்கு வாங்கி 1,40,000 ஓடுவது மலிவு. முதல் 20,000-லேயே 4 மில்லிமீட்டர் போயிருந்தால் அடுத்த டயர் வரை காத்திருக்காமல், வண்டியை மறுபடி ஜாக்கியில் ஏற்றுங்கள்.