‘லைன்’னு ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை, அதுக்கு ஏன் இத்தனை அர்த்தம்? பிள்ளைக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

கேள்வி கேட்டவங்க பையன் நாலாவது படிக்கிறானாம். லைன்னா கோடுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க, அடுத்த பாடத்துல அது கியூவா வந்திருக்கு, அதுக்கடுத்து பாட்டுல வர்ற வரி, அப்புறம் போன் லைன், அவன் ‘எதும்மா சரி’ன்னு கேட்டதும் இவங்களுக்குப் பதில் வரல. நான் மும்பை மாட்டுங்கால பத்து வருஷமா ஸ்கூல் பசங்களுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன், எல்லாம் நம்ம தமிழ்ப் பசங்கதான், சயான் கோலிவாடா, தாராவில இருந்து வர்றவங்க. இந்த வார்த்தையை வருஷா வருஷம் சொல்லிக் குடுக்கிறதால எனக்குத் தெரிஞ்சதை எழுதுறேன்.

முதல்ல கோடுங்கிறதை விட்டுடுங்க. லைனோட பூர்வீகம் கோடு இல்ல, நூல். லத்தீன்ல லினும்னா ஆளிச் செடி, நாம உடம்புக்கு நல்லதுன்னு பொடி பண்ணிச் சாப்பிடுறோமே அந்த ஆளி விதை காய்க்கிற செடிதான். அதோட தண்டுல இருந்து உரிச்ச நார்ல திரிச்ச நூலுக்குப் பேர் லினியா. அதுதான் லைன். லினன் துணியும் அதே செடிதான், அவ்வளவு ஏன், டெய்லர்கிட்ட ‘ஜாக்கெட்டுக்கு லைனிங் குடுத்துத் தைங்க’ன்னு சொல்றோமே, அந்த லைனிங்கும் உள்பக்கம் லினன் வச்சுத் தைச்சதுல இருந்து வந்த பேர்தான். இதைச் சொன்னப்போ என்கிட்ட படிக்கிற ஒரு பொண்ணு, அவங்க அம்மா தாராவில பிளவுஸ் தைக்கிறவங்க, மறுநாள் ஒரு துண்டு லைனிங் துணியை நோட்டுக்குள்ள வச்சு எடுத்துட்டு வந்து காட்டினா.

நூலைப் புடிச்சுக்கிட்டா மிச்சமெல்லாம் தானா வரும். நான் கிளாஸ்ல நிஜமாவே ஒரு நூல் எடுத்து ரெண்டு பசங்க கையில ஆளுக்கு ஒரு முனையைக் குடுத்து இழுத்துப் புடிக்கச் சொல்வேன். இப்ப நூல்ல சாக்பீஸ் தடவி கரும்பலகை மேல சுண்டினா கோடு விழும், அதே நூல்ல துணி காயப்போட்டா அது கொடி, நுனியில தூண்டில் முள்ளு கட்டினா மீன் புடிக்கிற லைன், நூல் ஓரமா பசங்களை நிக்கச் சொன்னா கியூ, எழுத்துகளை நிக்க வச்சா வரி, அந்தப் பக்கம் பந்து போனா ஃபோர், அதுக்குள்ள குரல் போனா போன் லைன், கரண்ட் போனா லைன்மேன் ஏறுற லைன், அப்பா தாத்தா பூட்டன்னு பின்னாடி போய்க்கிட்டே இருந்தா வம்சம். ஒருத்தர் பொழப்பு எந்தப் பக்கம் நேரா போகுதோ அதுவும் லைன்தான், ‘நீங்க எந்த லைன்ல இருக்கீங்க, துணியா இரும்பா’ன்னு கேக்குறோம்ல. லைன் போடுறதுன்னா என்னன்னு பெரிய பசங்க கேப்பானுங்க, அதையும் மறைக்காம சொல்லிடுவேன், இங்க ஹிந்தில லைன் மார்னான்னு தினம் காதுல விழுது, நாம சொல்லலேன்னா மட்டும் தெரியாமயா போயிடப் போகுது.

இதெல்லாம் இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் தோணின யோசனை இல்லைங்கிறதையும் பிள்ளைகிட்ட சொல்லுங்க. நாமளும் ‘நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்கு’ன்னுதான் சொல்றோம். கொத்தனார் இன்னைக்கும் நூல் கட்டித்தான் செங்கல் அடுக்குறார். புத்தகத்துக்கும் நூல்னுதான் பேர், அது ஏன்னு நன்னூல்ல பவணந்தி முனிவர் ரொம்ப அழகா சொல்லியிருக்கார்: தச்சனோட நூல் மரத்துல இருக்கிற கோணலைத் தீர்க்கிற மாதிரி இந்த நூல் மனுஷங்க மனசுல இருக்கிற கோணலைத் தீர்க்குமாம். கோணலுக்கு அவர் போட்ட வார்த்தை கோட்டம். கோடுங்கிற சொல்லுக்குப் பழைய தமிழ்ல வளையுறதுன்னு அர்த்தம், யானைத் தந்தமும் கோடு, மரக்கிளையும் கோடு, மலை உச்சியும் கோடு. இன்னைக்கு ஸ்கேல் வச்சு நேரா போடுறதுக்கு அதே பேர். ஒரு வார்த்தை எங்க ஆரம்பிச்சு எங்க போய் நிக்குது பாருங்க, எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். அதனால ‘இங்கிலீஷ்ல மட்டும்தான் குழப்பம்’னு பிள்ளை நினைக்க விடாதீங்க. வரின்னா பாட்டு வரி, புலி மேல இருக்கிற வரி, வீட்டுக்குக் கட்டுற வரி, மூணும் அவனுக்கு ஏற்கனவே தெரியும்ல.

டெட்லைன் பத்தி சின்னதா ஒண்ணு. அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்துல, 1864ல, ஜார்ஜியா மாநிலத்துல ஆண்டர்சன்வில்னு ஒரு போர்க்கைதி முகாம், சுத்துச் சுவருக்கு உள்பக்கம் சும்மா ஒரு மரவேலி, அதைத் தாண்டினா காவல்காரன் சுட்டுடுவான், அதுக்குப் பேர்தான் டெட்லைன். அப்புறம்தான் வேலை முடிக்க வேண்டிய நாளுக்கு அந்தப் பேர் வந்துச்சு.

மும்பைல லைன்னு சொன்னா முதல்ல ரயில்தான். ‘நீ எந்த லைன்’னு கேட்டா வீடு எங்கன்னு அர்த்தம். 1853 ஏப்ரல் 16ஆம் தேதி போரி பந்தர்ல இருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் போன பாதைதான் இன்னைக்கு சென்ட்ரல் லைன். எங்க மாட்டுங்காவுக்கு மூணு லைனும் உண்டு, மாட்டுங்கா ஸ்டேஷன் சென்ட்ரல், மாட்டுங்கா ரோடு வெஸ்டர்ன், கிங்ஸ் சர்க்கிள் ஹார்பர், புதுசா வர்றவங்க தப்பான ஸ்டேஷன்ல நின்னு போன் பண்ணுவாங்க.

ஆனா இந்த வார்த்தையை எனக்கு நல்லாப் புரிய வச்சது என் மாமியார். அவங்க பொறந்தது இலங்கையில ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல. 1964ல இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல, அங்க இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்ல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கிறதுன்னு முடிவாச்சு, அந்தக் கணக்குல வந்த குடும்பம், தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து கோத்தகிரில குடியேறினாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க வீட்டுக்கு வந்திருந்தப்போ கடல் பாக்கணும்னு ஆசைப்பட்டாங்க. மாட்டுங்கா ரோடுல சர்ச்கேட் போற ஸ்லோ டிரெயின் ஏறினோம், மத்தியானம் ரெண்டு மணி, லேடீஸ் பெட்டில ஜன்னல் சீட்டே கெடச்சுது. சர்னி ரோடு தாண்டினதும் ஸ்பீக்கர்ல ‘அக்லா ஸ்டேஷன், மரீன் லைன்ஸ்’னு வந்துச்சு. அத்தைக்கு ஹிந்தி சுத்தமாத் தெரியாது. ஆனா அந்த ஒரு வார்த்தைக்குத் திரும்பிப் பாத்தாங்க.

“ஏம்மா, இங்கேயும் லயன் இருக்கா?”

எனக்கு முதல்ல புரியல. அப்புறம் அவங்களே சொன்னாங்க, தோட்டத்துல அவங்க இருந்த வீடு லயத்து வீடு, லயம்னும் சொல்வாங்க லயன்னும் சொல்வாங்க, ஒரே கூரைக்குக் கீழ வரிசையா காம்பராக்கள், அதாவது அறைங்க, ஒரு குடும்பத்துக்கு ஒண்ணு, முன்னாடி சின்னதா ஒரு இஸ்தோப்பு, நம்ம ஊர் திண்ணை மாதிரி, அங்கதான் அடுப்பு. லயம்னா தமிழ் வார்த்தைன்னுதான் இத்தனை நாள் நினைச்சிருக்காங்க. பாட்டுல வர்ற லயம் வேற அத்தை, இது இங்கிலீஷ் லைன்தான்னு சொன்னேன். மரீன் லைன்ஸ்ங்கிற பேரும் அப்படித்தான், வெள்ளைக்காரன் காலத்துல அங்க மரீன் பட்டாலியன் குடியிருப்பு இருந்துச்சு, மரீன் பட்டாலியன் லைன்ஸ்னு. சிப்பாய்க்கு வரிசையாக் கட்டினதும் லைன்ஸ், கொழுந்து பறிக்கிறவங்களுக்கு வரிசையாக் கட்டினதும் லைன்ஸ். அவங்க கேட்டது சரியான கேள்விதான்.

இறங்கி மரீன் டிரைவ் கட்டைச் சுவர்ல உக்காந்தோம். வேர்க்கடலை வாங்கினேன். அத்தை திங்காம ஒவ்வொரு கடலையா எடுத்து சுவர் மேல வரிசையா வச்சாங்க, மொத்தம் பன்னெண்டு. “இதுதான் எங்க லயம். இது கங்காணி வீட்டு ஆளுங்க. இது எங்க சித்தி. இந்த மூணாவது காம்பரா எங்களுது, மழைக்கு இந்த மூலைல ஒழுகும்.” அப்புறம் கடைசி ரெண்டு கடலையை மட்டும் விரலால கொஞ்சம் தள்ளி வச்சாங்க.

“இவங்க ரெண்டு குடும்பமும் அங்கேயே நின்னுட்டாங்க. மத்தவங்க எல்லாம் கப்பல் ஏறிட்டோம்.”