டோவரில் கப்பலேறி ஃப்ளாண்டர்ஸ் பந்தயம் பார்க்க: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஏப்ரல் தொடக்கத்து ஞாயிறு ஒன்றில் பெல்ஜியத்தில் நடக்கும் ஃப்ளாண்டர்ஸ் சைக்கிள் பந்தயத்தைப் பார்க்க லண்டன் பக்கமிருந்து டோவர் துறைமுகம் வழியாகப் போவது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். வந்த கேள்விகளுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

அண்ணா, காரோடு போகிறோம். கலே கப்பலா, டன்கிர்க் கப்பலா? (குராய்டன்)

இரண்டும் பிரான்சுத் துறைமுகங்கள், என் ஓட்டு டன்கிர்க்குக்கு. கலேக்கு ஒன்றரை மணி நேரம், டன்கிர்க்குக்கு இரண்டு. கடலில் அரை மணி கூடினாலும் பெல்ஜிய எல்லைக்குப் பக்கத்தில் இறங்குவீர்கள். அங்கிருந்து பந்தயம் முடியும் அவுடெனார்ட ஊருக்குச் சுமார் ஒன்றரை மணி நேர ஓட்டம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) அல்லது ஆன்ட்வெர்ப் நகருக்குள் காரை விடுவதாக இருந்தால், புகைக் கட்டுப்பாட்டு வளையத்துக்காக வண்டியை முன்கூட்டியே இணையத்தில் பதிய வேண்டும். பதியாமல் போனால் அபராதச் சீட்டு வீடு தேடி வரும்.

எனக்கு இந்தியப் பாஸ்போர்ட், இங்கே வேலை விசா. இறங்குவது பிரான்ஸ், பார்ப்பது பெல்ஜியம். ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவை யாரிடம் கேட்பது? (ஈஸ்ட் ஹாம்)

எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம். கென்டில் அறை எடுத்தால் பெல்ஜியம்தான். கால் முதலில் எந்த மண்ணில் படுகிறது என்பது கணக்கில்லை. பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் டோவர் துறைமுகத்திலேயே பாஸ்போர்ட் பார்த்துவிடுவார்கள், ஆகவே சிக்கல் இருந்தால் கப்பலே ஏற முடியாது. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் முகப்படம் எடுக்கிறார்கள், விசாவுக்குக் கொடுத்த கைரேகையைச் சரிபார்க்கவும் செய்வார்கள். வரிசைக்கு நேரம் ஒதுக்கிப் போங்கள்.

அண்ணை, எனக்குக் கார் இல்லை. நடந்து போய் ஏறலாமோ? (ஹேய்ஸ்)

டன்கிர்க் கப்பலில் ஏற்றமாட்டார்கள். கலேக்குப் போகும் சில கப்பல்களில் இடமுண்டு, ஆனால் இறங்கியபின் லீல் நகர் வழியாக ரயில் மாறி மாறிப் போக வேண்டும். கப்பல்தான் வேண்டும் என்ற ஆசை இல்லையென்றால் யூரோஸ்டார் ரயிலில் பிரசெல்ஸ், அங்கிருந்து கென்ட், பிறகு அவுடெனார்ட என்று போவது உத்தமம்.

கையில் சாப்பாடு கொண்டு போகலாமா? அம்மா சுத்த சைவம். (ஹாரோ)

பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. அதனால் தயிர் சாதம் கட்டாதீர்கள், புளியோதரை கட்டுங்கள். பழங்களில் வாழைப்பழத்துக்குத் தடையில்லை. இன்னொரு எச்சரிக்கை: பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு வறுவலைப் பல கடைகளில் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள். வாங்குமுன் எந்த எண்ணெய் என்று கேட்டுவிடுங்கள்.

எங்கே நின்றால் நன்றாகப் பார்க்கலாம்? டிக்கெட் உண்டா? (மில்டன் கீன்ஸ்)

சாலையோரம் நிற்கக் காசில்லை. கூடாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபடி பார்ப்பவர்களுக்குத்தான் டிக்கெட்.

இடம் என்றால் அவுட க்வாரமோன்ட். 2.2 கிலோமீட்டர் ஏற்றம், பெரும்பகுதி கல் பாவியது. ஆண்கள் பந்தயம் மூன்று முறை ஏறும். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவே இரண்டு மணி நேரம், அதன்பின் மூன்றாம் முறைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரில் துரத்திக்கொண்டு ஐந்தாறு இடத்தில் பார்ப்பேன் என்று கிளம்புகிறவர்கள் பாதிப் பந்தயத்தைப் போக்குவரத்து நெரிசலில் கழிப்பார்கள். என்னைக் கேட்டால் ஒரே மேட்டில் நில்லுங்கள். முதல் முறை வரும்போது கூட்டமாக, பேசிக்கொண்டுகூட வருவார்கள். மூன்றாம் முறை ஒருவர் ஒருவராகப் பிரிந்து, வாய் பிளந்து, சேறு அப்பிய முகத்தோடு வருவார்கள். அந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் போவது.

அடுத்த மேடு பாட்டர்பெர்க். வெறும் 360 மீட்டர், ஆனால் செங்குத்தான இடத்தில் 20 சதவீதச் சரிவு. பந்தயம் தன் வீட்டுப் பக்கம் வரவேண்டும் என்று ஒரு விவசாயி கல் பதித்த பாதை அது. 1986-ல் உண்மையிலேயே பந்தயம் வந்தது! கடைசியாக அதன் உச்சியைத் தாண்டினால் முடிவுக் கோட்டுக்குச் சுமார் 13 கிலோமீட்டர்தான். பெரும்பாலும் யார் ஜெயிப்பார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கோப்பன்பெர்க் போகலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். 1987-ல் விழுந்த வீரர் ஒருவரின் சைக்கிள் மீது அதிகாரிகளின் கார் ஏறிப்போன மேடு அது. 2002 வரை பாதையிலிருந்தே நீக்கி வைத்திருந்தார்கள். குறுகலான இடம், குழந்தைகளோடு வேண்டாம்.

கப்பலில் தலைசுற்றுமா? (லெஸ்டர்)

அலை இருந்தால் சுற்றும். மாத்திரையை ஏறுமுன் போடுங்கள், கப்பலின் நடுப்பகுதியில் உட்காருங்கள். பயணத்தின்போது கார் தளத்தைப் பூட்டிவிடுவார்கள், எனவே ஸ்வெட்டர், மருந்து எல்லாம் மேலே எடுத்துப் போங்கள். கார் நிறுத்திய தளத்தின் எண்ணையும் படிக்கட்டின் எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார் அலாரத்தையும் அணைத்துவிடுங்கள், கப்பல் ஆடும்போது அது கத்த ஆரம்பிக்கும்.

அன்றிரவே திரும்பலாமா? திங்கள் வேலை இருக்கிறது. (குராய்டன், மறுபடியும்)

முடியும், ஆனால் எட்டு மணிக் கப்பலை எடுக்காதீர்கள். ஆண்கள் பந்தயம் மாலை நாலரை வாக்கில் முடியும், பெண்கள் பந்தயம் அதற்குப் பின். அதைப் பார்க்காமல் ஓடிவருவது வீண், கடைசி மேடுகள் இரண்டும் அதே மேடுகள், கூட்டம் குறைந்து வேலியோரம் இடமும் கிடைக்கும். அதன்பின் வயல்வெளி வாகன நிறுத்தத்திலிருந்து வெளியே வரவே ஒரு மணி நேரம் ஆகலாம். கப்பலுக்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் மூடிவிடுகிறார்கள். பதினொரு மணிக்கு மேற்பட்ட கப்பல், அல்லது நேரம் மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட். முடிந்தால் திங்கள் காலை லீவு போட்டுவிடுங்கள்.