போக்கரில் நிகழ்தகவைக் கொண்டு லாபகரமாக முடிவெடுப்பது எப்படி?

திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்த இரண்டு வருடமும் ஞாயிறு மதியம் ஹோல்டம் என்ற போக்கர் வகையை ஆடுவோம்; ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. காசுக்குப் பதில் புளியங்கொட்டை, ஆளுக்கு ஐநூறு. முதல் ஆறு மாதம் பெரும்பாலும் என் டப்பாதான் முதலில் காலியாகும். இத்தனைக்கும் கூட்டத்தில் கணக்குத் தெரிந்தவன் நான் என்று எனக்கு நினைப்பு. தெரிந்த கணக்கைத் தப்பான இடத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு கை சொல்கிறேன். என்னிடம் ஆட்டின் 8, 7. மேசையில் முதல் மூன்று சீட்டு: ஆட்டின் ராஜா, ஆட்டின் 2, கிளாவர் ஜாக்கி. இன்னும் ஒரு ஆட்டின் விழுந்தால் எனக்கு ப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு. மொத்தம் 13 ஆட்டினில் நான்கு கண்ணெதிரே இருக்கிறது, மீதி ஒன்பது. நான் பார்க்காத சீட்டு 47. வர வேண்டியது இன்னும் இரண்டு சீட்டு. அந்த இரண்டில் ஒன்றாவது ஆட்டினாக இருக்க 35 சதவீத வாய்ப்பு.

நடுவில் 100 கொட்டை. நண்பன் 50 வைக்கிறான். நானும் 50 போட்டால் நடுவில் சேரும் மொத்தம், அதாவது பாட், 200 ஆகும். அதில் என் பங்கு கால்வாசி, ஆக 25 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால் போடலாம். 35 எங்கே, 25 எங்கே என்று போட்டுவிடுவேன்.

இங்கேதான் ஓட்டை. அந்த 50 கொட்டைக்கு எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு சீட்டு. அதில் ஆட்டின் வர வாய்ப்பு 47-இல் 9, அதாவது 19 சதவீதம். அடுத்த சீட்டையும் பார்க்க அவன் மறுபடி கட்டணம் கேட்பான். 35 என்ற எண் செல்லுபடியாவது, அப்போதே கையிலிருப்பது முழுவதையும் வைத்து ஆல்-இன் போய்விட்டு மேற்கொண்டு எதுவும் கட்ட வேண்டியதில்லை என்றால்தான்.

நான்காவது சீட்டு இஸ்பேட் 3. நடுவில் 200, அவன் 100 வைக்கிறான். இப்போது 46-இல் 9. சராசரி என்ன என்று பார்த்தால், ஜெயித்தால் வரும் 300-ஐ ஜெயிக்கும் வாய்ப்பால் பெருக்கினால் 59, தோற்றால் போகும் 100-ஐத் தோற்கும் வாய்ப்பால் பெருக்கினால் 80. ஒவ்வொரு முறை கட்டும்போதும் சுமார் 22 கொட்டை நஷ்டம். ஆறு மாதம் இதைத்தான் செய்தேன்! அவனே 100-க்குப் பதில் 40 வைத்திருந்தால் கட்டுவது லாபம், ஏனென்றால் 280-இல் 40 என்பது 14 சதவீதம்தான். சீட்டு மாறவில்லை, விலைதான் மாறியது.

சரி, ப்ளஷ் விழுந்த பிறகு அவனிடம் இன்னும் கறக்கலாமே என்று கேட்பீர்கள். கறக்கலாம். மேலே சொன்ன கணக்கில் சராசரியாக 110 கொட்டைக்கு மேல் கறந்தால்தான் அந்த 100 போட்டதற்கு நியாயம். ஆனால் மேசையில் மூன்று ஆட்டின் கிடப்பது அவன் கண்ணுக்கும் தெரியுமே. பயந்தாங்கொள்ளி உடனே சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவான். ராஜா ஜோடியை விடவே மனசில்லாத ஆள் என்றால் தருவான். யார் எப்படி என்பது கொஞ்ச நாள் கூட ஆடினால்தான் தெரியும்.

இன்னொன்று, அந்த ஒன்பதுமே எனக்கு நல்லதா? அவன் கையில் ராஜாவும் ஜாக்கியும் இருந்தால் ஆட்டின் ஜாக்கி வந்து என்ன பிரயோஜனம்? எனக்கு ப்ளஷ், அவனுக்கு மூன்று ஜாக்கி, இரண்டு ராஜா சேர்ந்த புல் ஹவுஸ், அது ப்ளஷைவிடப் பெரியது. ஒன்பது எட்டாகிவிடும். அவனிடமே என்னைவிடப் பெரிய இரண்டு ஆட்டின் இருந்தால் எட்டும் கிடையாது, எல்லாம் விஷம். அதனால் எண்ணும்போதே ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்வேன்.

காசு வைத்து ஆடும் இடமென்றால் ஒவ்வொரு முறை நடுவில் சேரும் பணத்திலும் ஆட்டம் நடத்துபவன் கமிஷன் எடுப்பான். இழுபறியான முடிவெல்லாம் அதிலேயே நஷ்டமாகிவிடும். அப்புறம் இந்தியாவில் பணம் கட்டி ஆன்லைனில் ஆடலாமா என்று யோசிப்பவர்களுக்கு: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அதைத் தடை செய்துவிட்டது.

கணக்கு சரியாக இருந்தாலும் அன்றைக்கே பலன் தெரியாது. ஏஸ் ஜோடி வைத்திருப்பவன்கூட ராஜா ஜோடியிடம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை தோற்பான். மேன்ஷனைக் காலி செய்வதற்கு முந்தின ஞாயிறு இதே மாதிரி ஒரு கை வந்தது. விலை அதிகம் என்று கவிழ்த்தேன். கடைசிச் சீட்டு ஆட்டின் 5. அறையே சிரித்தது, ஒருவன் டப்பாவை என் காதருகே ஆட்டிக் காட்டினான். நாளைக்கே அதே கை, அதே விலை வந்தாலும் கவிழ்த்துவிடுவேன்.