பெற்றோர் பழக்கமும் குழந்தை உணவும்: கேள்வி பதில்

கேள்வி: மூன்று வயது மகன் காய்கறியைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறான். நாங்களும் காய் அதிகம் சாப்பிட மாட்டோம். அதுதான் காரணமா?

பதில்: வயதும் ஒரு காரணம். இரண்டு முதல் ஆறு வயதுக்குள் புது உணவைப் பார்த்து ஒதுங்குவது இயல்பு. ஆனால் பெற்றோர் அதே காயை எதிரில் உட்கார்ந்து ருசித்துச் சாப்பிட்டால், குழந்தை ஒரு வாய் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு கூடும். அவனுக்கென்று தனிச் சமையல் வேண்டாம். ஒரு காய் பழக 8 முதல் 15 தடவைகூட ஆகலாம். நாலைந்து தடவையிலேயே 'இவனுக்குப் பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடுகிறோம், பாவம் குழந்தை.

கேள்வி: காயைச் சாப்பிட்டால் சாக்லேட் தருவேன் என்று சொல்லலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சாக்லேட்டின் மதிப்புதான் ஏறும்.

கேள்வி: அப்போது இனிப்பைக் கண்ணில் காட்டி, தொடாதே என்று கண்டிப்பாக இருக்கலாமா?

பதில்: அதுவும் உதவாது. ஜெனிஃபர் ஃபிஷர், லியான் பர்ச் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தடுத்து வைத்த தின்பண்டத்தின் மேல்தான் சிறு குழந்தைகளின் கவனம் அதிகமாகப் போனது. குறைவாக வாங்குங்கள், வாங்கினால் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள். குழந்தை தூங்கியபின் நீங்கள் மட்டும் சாப்பிடுவதையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மகள் எழுவதற்குள் ஜிம்முக்குப் போய் வந்துவிடுகிறேன். இதனால் அவளுக்குப் பலன் உண்டா?

பதில்: உங்கள் உடம்புக்கு நல்லது, விடாதீர்கள். ஆனால் அவள் பார்க்காததை அவள் எப்படிக் கற்பாள்? அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 4 முதல் 7 வயதுக் குழந்தைகளைக் கவனித்து 1991இல் வெளிவந்த ஆய்வில், தாய் தந்தை இருவரும் சுறுசுறுப்பாக இருந்த வீட்டில் குழந்தையும் அப்படி இருக்கும் வாய்ப்பு, இருவருமே அசையாத வீட்டைவிட 5.8 மடங்கு. பார்த்துப் பழகுவது மட்டுமல்ல, சேர்ந்து ஓடியாடுவதும் பரம்பரைக் கூறும் இதில் இருக்கலாம். மாலையில் அவளோடு பந்து விளையாடுங்கள். 3, 4 வயதில் நாளுக்கு 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கேள்வி: நான் டயட்டில் இருக்கிறேன். ஐந்து வயது மகள் தன் வயிற்றைத் தடவி 'நான் குண்டா?' என்கிறாள்.

பதில்: இதைத்தான் நான் அவசரமாகப் பார்ப்பேன். இன்றிலிருந்து அவள் முன்னால் உங்கள் உடம்பைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள், எடை பார்ப்பதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளையாவது அவள் சாப்பிடுவதையே நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதன் பிறகும் அவள் சாப்பாட்டைக் குறைத்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.