பன்னாட்டுப் பொதுச் சுகாதார மாநாட்டில் சிம்போசியம் அமர்வை முன்மொழிவது எப்படி?

கேள்வி: மாவட்ட காசநோய்த் திட்டத்தில் வேலை செய்கிறோம். பன்னாட்டு மாநாட்டுக்குத் தனித்தனி ஆய்வுச் சுருக்கமாக அனுப்பாமல், ஒரு சிம்போசியத்தையே (ஒரே கேள்வியைச் சுற்றிச் சிலர் சேர்ந்து பேசும் அமர்வு) முன்மொழிய நினைக்கிறோம். எங்கே தொடங்குவது? எதைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள்?

பதில்:

அமர்வு எந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போகிறது என்பதை ஒரே வரியில் எழுதிக்கொண்டு தொடங்குங்கள். பேச்சாளர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தெரிந்த நாலு பேரைப் பிடித்துவிட்டு, அவர்கள் எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு தலைப்பைத் தேடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. மதிப்பீட்டாளருக்கு இது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். நாலு பேச்சும் தனித்தனி ஆய்வுச் சுருக்கமாக வந்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றினால் மதிப்பெண் இறங்கும்.

நீங்கள் காசநோய்த் துறை என்பதால், காசநோய், நுரையீரல் நோய்களுக்கான பன்னாட்டு அமைப்பான தி யூனியன் நடத்தும் உலக நுரையீரல் நல மாநாட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் 50-வது மாநாடு 2019-ல் ஹைதராபாத்தில் நடந்தது. இந்த மாநாட்டுக்கு 'காசநோயும் ஊட்டச்சத்தும்: சில பார்வைகள்' என்று அனுப்பினால் எடுபடாது. 'காசநோய்க் குடும்பத்துக்குப் பணம் தருவதா, உணவுப் பொருள் தருவதா, யாருக்கு முதலில்?' என்று கேட்டால் அமர்வுக்கு முதுகெலும்பு வந்துவிடுகிறது. மூன்று விதமான பதில்கள் ஏற்கெனவே நம் நாட்டில் இருக்கின்றன. நிக்‌ஷய் போஷண் திட்டம் 2018 ஏப்ரலிலிருந்து ஊட்டச்சத்துக்காக மாதந்தோறும் 500 ரூபாயை நோயாளியின் வங்கிக் கணக்கில் போட்டது; 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வில் நோயாளிக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருளும், ஒரு பகுதிக் குடும்பங்களில் மட்டும் வீட்டில் உள்ள மற்ற ஒவ்வொருவருக்கும் 5 கிலோவும் தந்தார்கள். அப்படிக் கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் வெளியிட்டார்கள். தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டமோ 2022-லிருந்து வேறு வழியில் போகிறது: உடல் நிறைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழ், மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், இரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ், துணையில்லாமல் நிற்க முடியாமை என்று நோய் கண்டறிந்ததுமே பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே உள்நோயாளியாகச் சேர்ப்பது. மூன்றும் ஒரே மேடைக்கு வந்தால் ஒன்றையொன்று கேள்வி கேட்டே ஆகவேண்டும். சிம்போசியத்துக்கு அதுதான் வேண்டும்.

கேள்வி கிடைத்ததும் இடங்களை நிரப்புங்கள், ஆட்களை அல்ல. அதாவது 'ஆய்வு முடிவைச் சொல்பவர், பணப்பட்டுவாடாவை நடத்தும் அதிகாரி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியை எடைபோட்டுப் பார்க்கும் செவிலியர் அல்லது சிகிச்சை மேற்பார்வையாளர், காசநோயிலிருந்து மீண்டவர்' என்று நாலு இடம். ஐந்தாவதாக, ஸ்லைடே இல்லாமல் நாலு பேச்சையும் கேட்டு எதிர்வாதம் வைக்கிற ஒருவர். அவர் வேறு நாட்டுக்காரராக இருந்தால் நல்லது. அமர்வை நடத்த இரண்டு பேர். ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு பேச்சாளர் வேண்டாம். ஆண்கள் மட்டுமே உள்ள பட்டியலும், ஒரே நாட்டுப் பட்டியலும் இப்போது பெரும்பாலும் தேறுவதில்லை. ஒருவர் எத்தனை அமர்வில் பேசலாம் என்று மாநாடுகள் வரம்பு வைப்பதுண்டு. பிரபலமான பேச்சாளரை எல்லாரும் கேட்பார்கள், அவர் எல்லாருக்கும் சரி சொல்லியிருப்பார், கடைசியில் உங்கள் பட்டியலில் ஓட்டை விழும். 'வேறு எந்த அமர்வுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்' என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மாற்று ஆளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாநாடு அக்டோபர், நவம்பரில் என்றால் சிம்போசியம் முன்மொழிவுக்கான கடைசி நாள் பொதுவாக அந்த ஆண்டின் முதல் சில மாதங்களிலேயே வந்துவிடும்; ஆய்வுச் சுருக்கங்களுக்கு உரிய நாளும் இதுவும் வேறு வேறாக இருக்கலாம். அதனால் டிசம்பரில் கேள்வியும் பேச்சாளர்களும் தயாராக இருக்க வேண்டும். 'மத்திய ஐரோப்பிய நேரம் இரவு 23:59' என்று போட்டிருந்தால் குளிர்காலத்தில் அது நமக்கு மறுநாள் காலை 4:29. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளியபின் 3:29. கடைசி ராத்திரியை நம்ப வேண்டாம். பல போர்ட்டல்களில் ஒவ்வொரு பேச்சாளரும் தனக்கு வரும் இணைப்பைச் சொடுக்கிச் சம்மதம் சொல்ல வேண்டும். யாரிடமிருந்து நிதியோ பயணச் செலவோ பெற்றிருக்கிறார் என்பதையும் அவரே நிரப்ப வேண்டும். நாலு பேரில் ஒருவர் செய்யாவிட்டாலும் விண்ணப்பம் முழுமையாகாது. அந்த மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குள் கிடப்பது வாடிக்கை, பத்து நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டு போனில் கேளுங்கள்.

படிவத்தில் வழக்கமாகக் கேட்பவை: அமர்வின் தலைப்பு, 250 முதல் 350 சொல்லுக்குள் அமர்வுச் சுருக்கம், மூன்று கற்றல் நோக்கங்கள், யாருக்கான அமர்வு, ஒவ்வொரு பேச்சின் தலைப்பு. சில போர்ட்டல் சொல்லை எண்ணும், சில இடைவெளி உட்பட எழுத்தை எண்ணும். சுருக்கத்தின் முதல் இரண்டு வாக்கியத்தில் பிரச்சினையும் கருத்து வேறுபாடும் வந்துவிட வேண்டும். 'காசநோய் உலகின் முக்கியமான நோய்களில் ஒன்று' என்று ஆரம்பித்து இடத்தை வீணாக்காதீர்கள், அந்த மாநாட்டுக்கு வருகிற யாருக்கும் அதைச் சொல்லவேண்டியதில்லை. நடுவில் ஒவ்வொரு பேச்சும் எந்தத் தரவோடு வருகிறது, அடுத்த பேச்சோடு எங்கே மோதுகிறது என்று ஆளுக்கொரு வாக்கியம். கடைசியில், கேட்டுவிட்டுப் போகிறவர் தன் மாவட்டத்தில் எதை மாற்றிச் செய்ய முடியும் என்பது. கற்றல் நோக்கத்தில் 'புரிந்துகொள்வார்' என்று எழுதினால் அளக்க முடியாது. 'உணவுக்கும் பணத்துக்கும் ஆகும் நிர்வாக வேலையை ஒப்பிடுவார்' என்றால் முடியும். ஆய்வுச் சுருக்கங்களை நாலு பேரிடமும் வாங்கி ஒட்டவே ஒட்டாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே கை எழுத வேண்டும்.

நேரக் கணக்கை முன்மொழிவிலேயே காட்டுங்கள். 90 நிமிடம் என்றால்: தொடக்கம் 5, நாலு பேச்சு தலா 12 ஆக 48, ஆள் மாறுவதற்கு 4, எதிர்வாதமும் கேள்விகளும் சேர்த்து 28, முடிவு 5. அந்த 28 நிமிடத்தில் யாரையும் கைவைக்க விடக்கூடாது. ஆளுக்கு மூன்று நிமிடம் இழுத்தாலே 12 நிமிடம் போய்விடும், போவது எப்போதும் விவாதத்திலிருந்துதான். பத்தாவது நிமிடத்தில் அட்டையைக் காட்டுவது, பன்னிரண்டில் எழுந்து நிற்பது என்று முன்கூட்டியே பேசிவைத்தால் பேச்சாளர் வருத்தப்பட மாட்டார்.

நோயிலிருந்து மீண்டவரைக் கடைசிப் பேச்சாக வைக்காதீர்கள். நேரம் போதாமல் வெட்டு விழுவது கடைசி ஆளுக்குத்தான். இரண்டாவதாகப் பேச வையுங்கள். தன் கஷ்டத்தைச் சொல்லச் சொல்லி நிறுத்தாமல், அமர்வின் கேள்விக்கே அவரிடம் பதில் கேளுங்கள். மாதாமாதம் பணம் கையில் வந்ததா, வந்தபோது வீட்டில் எதற்குப் போனது என்பது மற்ற மூவருக்கும் தெரியாத தரவு. அவர் தமிழில் பேசி ஒருவர் மொழிபெயர்த்தால் 12 நிமிடத்தில் அவருக்குக் கிடைப்பது ஆறுதான், ஆகவே அவருக்கு மட்டும் நேரத்தைக் கூட்டிப் போடுங்கள்.

பணம், அனுமதி இரண்டிலும்தான் நல்ல அமர்வுகள் கவிழ்கின்றன. சிம்போசியம் பேச்சாளருக்குப் பெரும்பாலான மாநாடுகள் பயணச் செலவு தருவதில்லை, பதிவுக் கட்டணத்தையும் அவரே கட்ட வேண்டியிருக்கும். பயண உதவித்தொகை இருந்தால் அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசி நாள். அரசு ஊழியருக்குத் துறையின் அனுமதி தனி. வெளிநாட்டு அமைப்பு தங்கும் செலவோ விமானச் செலவோ தருகிறது என்றால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010, பிரிவு 6-ன் கீழ் மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும். படிவம் எஃப்சி-2, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது உள்துறை அமைச்சகத்தில் இருக்க வேண்டும். நடைமுறையில் துறை அனுமதிக் கோப்பு நகரவே மாதங்கள் ஆகும் என்பதால் தேர்வுக் கடிதம் வந்த அன்றே தொடங்குங்கள். ஷெங்கன் நாடு (பொது விசா உள்ள ஐரோப்பிய நாடுகளில் ஒன்று) என்றால் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், சில வேளை 45 நாள் வரை போகும். திட்டத்தின் வெளியிடாத தரவைக் காட்டப்போகிறீர்கள் என்றால் அதற்கும் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். மேடை ஏறும் முந்தின நாள் 'அந்த வரைபடத்தை எடுத்துவிடுங்கள்' என்று போன் வந்தால் பேச்சே கவிழ்ந்துவிடும்.

தேர்வான பிறகு, மாநாட்டுக்கு ஆறு வாரம் முன்பு ஒரு இணையக் கூட்டம் போட்டு எல்லாரும் எல்லாருடைய ஸ்லைடையும் பார்த்துவிடுங்கள். நாலு பேரும் காசநோய்ச் சுமை பற்றி ஒரே அறிமுகப் படத்தைப் போட்டிருப்பது அங்கேதான் தெரியவரும். ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை எடுத்தால் ஐந்தாறு நிமிடம் மிச்சம். பெரிய மாநாடுகளில் சொந்த மடிக்கணினியை மேடையில் மாட்ட விடமாட்டார்கள், முன்கூட்டியே பொதுக் கணினியில் ஏற்ற வேண்டும். ஸ்லைடில் தமிழ் எழுத்து இருந்தால் எழுத்துருவைக் கோப்பிலேயே பதித்துச் சேமியுங்கள், கூடவே பிடிஎஃப் ஒன்றும் வைத்திருங்கள்; இல்லையென்றால் திரையில் வெறும் கட்டங்கள்தான் தெரியும்.

தேர்வாகாவிட்டால் இரண்டு வழி. ஆய்வுச் சுருக்கத்துக்கான கடைசி நாள் அதன்பின் வருகிறதென்றால் நாலு பேச்சையும் தனித்தனியாக அனுப்பலாம். அந்தத் தேதியை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மாநாட்டை ஒட்டிய சாட்டிலைட் அமர்வு. அதற்கு அமைப்பாளர்கள் அரங்கக் கட்டணம் வாங்குவார்கள், ஸ்பான்சர் இல்லாமல் ஒரு மாவட்டக் குழுவால் முடியாது. அந்த ஸ்பான்சருக்குப் புகையிலை நிறுவனத்தோடு தொடர்பு எதுவும் இருந்தால் தி யூனியனில் நுழையவே விடமாட்டார்கள்.